உங்கள் கடலறிவை விற்காதீர்கள்: மன்னார்க் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய சங்கத் தலைவர்களே, செயலாளர்களே, தொழிலுக்குப் போகும் சகோதரர்களே, வாடிகளில் உழைக்கும் சகோதரிகளே,

தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, முள்ளிக்குளம் என்று நம் கரை நெடுகிலும் இயங்கும் கடற்றொழிலாளர் சங்கங்கள் அனைத்துக்கும் இதை எழுதுகிறேன். அமைச்சருக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். நான் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. கடத்தல்காரனுக்குப் பணம் எங்கும் கிடைக்கும். தொலைபேசியும் வாகனமும் எங்கும் கிடைக்கும். ஆனால் மணல் தீடைகளுக்கு நடுவே, நீரோட்டத்தின் போக்கறிந்து, நள்ளிரவில் விளக்கில்லாமல் படகு விடத் தெரிந்த கை இந்தக் கரையில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கை இல்லாமல் ஒரு போதைப் பொதியும் கரை சேராது. ஆகவே இந்தக் கடத்தலை நிறுத்துகிற வலிமை வேறெவரையும்விட உங்களிடம்தான் அதிகம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களில் மிகப் பெரும்பாலானோர் நேர்மையாகத் தொழில் செய்து பிழைப்பவர்கள். பொதி ஒன்று பிடிபட்டதும் கரையில் நிற்கும் எல்லாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. உங்களைக் குற்றஞ்சாட்ட இந்த மடல் எழுதப்படவில்லை. உங்கள் தொழிலையும் பிள்ளைகளையும் இந்த வியாபாரம் விழுங்குவதற்கு முன்னால் நீங்களே அதைத் தடுக்கவேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இரு கரைகளுக்கும் இடையில் கப்பல் ஓடியது. 1974ஆம், 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் கடலில் எல்லைக்கோடு கீறின. கோடு கீறிய பிறகும் சாமான்கள் கடந்துகொண்டே இருந்தன. எங்கே தடையும் வரியும் உயர்கிறதோ அங்கே கள்ளக் கடத்தலுக்கு இலாபமும் உயரும். 2020இல் இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது மஞ்சள் மூட்டைகள் படகேறின. பீடி இலை இன்றும் வருகிறது. மஞ்சளோடும் பீடி இலையோடும் பழகிய அதே படகு, அதே பாதை, அதே தரகர் மூலம்தான் கஞ்சாவும் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனும் போதை மாத்திரைகளும் வருகின்றன. சின்னச் சாமான்தானே என்று தொடங்கிய கை பெரிய சாமானில் போய் நிற்கிறது.

அக்கரையில் நடப்பதையும் பாருங்கள். ஆந்திராவுக்கும் ஒடிசாவுக்கும் நடுவேயுள்ள மலைகளில் விளையும் கஞ்சா தரைவழியாக இராமநாதபுரம் மாவட்டக் கரைக்கு வந்து, மண்டபம், வேதாளை, தங்கச்சிமடம் பக்கங்களிலிருந்து கடலேறுகிறது. 2024 மார்ச்சில் இந்தியக் கரையோரக் காவற்படையும் வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகளும் மன்னார் வளைகுடாவில் ஒரு படகை மறித்து 99 கிலோ ஹஷீஷைக் கைப்பற்றினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போவது தங்கம். 2023இன் நடுப்பகுதியில் அதே மண்டபம் கடற்பகுதியில் இரண்டு படகுகளிலிருந்து 32 கிலோவுக்கும் மேலான தங்கம் பிடிபட்டது. அதில் ஒரு பகுதியைக் கடலில் எறிந்திருந்தார்கள். சுழியோடிகள் இறங்கி எடுத்தார்கள். தங்கம் அங்கே போகிறது, போதை இங்கே வருகிறது. இரண்டிலும் இலாபம் எடுப்பவன் கடலில் காலே நனைப்பதில்லை.

இது நம் பாக்குநீரிணையோடு முடியும் கதையும் இல்லை. நம் கடலுக்கு மேற்கே ஒரு பெரிய போதை வழி, கிழக்கே இன்னொன்று. மேற்கே ஆப்கானிஸ்தான். 2022 ஏப்ரலில் தலிபான்கள் கசகசாப் பயிரைத் தடைசெய்தார்கள். 2 இலட்சத்து 33 ஆயிரம் ஹெக்டேயராக இருந்த அபின் பயிர்ச்செய்கை 2023இல் 10,800 ஹெக்டேயராகக் குறைந்தது என்று ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் கணக்கிட்டது. அப்படியானால் கடலில் போதை குறைந்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். சேமித்து வைத்த அபின் இருந்தது. அதனோடு ஐஸ் தயாரிப்பும் வளர்ந்திருந்தது. ஈரான், பாகிஸ்தான் எல்லைகளிலுள்ள மக்ரான் கரையிலிருந்து அவை இந்து சமுத்திரத்தில் இறங்குகின்றன. கிழக்கே மியன்மார். 2023இல் உலகிலேயே அதிகம் அபின் விளையும் நாடாக அது மாறியது. ஐஸ் தயாரிப்பிலும் அதன் ஷான் மாநிலம் பெயர்பெற்றது. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஒரு மியன்மார்ப் படகில் மட்டும் ஏறத்தாழ 6 தொன் ஐஸ் சிக்கியது.

இந்த இரண்டு வழிகளிலும் இலங்கைப் படகுகள் அகப்பட்டிருக்கின்றன. 2020 நவம்பரில் தூத்துக்குடிக்கு அப்பால் பிடிபட்ட இலங்கைப் படகில் சுமார் 100 கிலோ ஹெரோயின் இருந்தது. 2021 மார்ச்சில் மினிக்கோய்க்கு அருகே பிடிபட்ட 'ரவிஹன்சி' என்ற படகில் 300 கிலோ ஹெரோயினோடு ஐந்து ஏகே 47 துப்பாக்கிகளும் ஆயிரம் ரவைகளும் இருந்தன. 2024 நவம்பரில் இலங்கைக் கடற்படை கொடுத்த தகவலின்பேரில் இந்தியக் கடற்படை அரபிக்கடலில் இரண்டு இலங்கைப் படகுகளை மறித்து 500 கிலோ ஐஸைக் கைப்பற்றியது. இவை பல நாட்கள் கடலில் தங்கும் பெரிய படகுகள். நம்முடைய பைபர் படகுகளுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். ஆனால் சந்தை ஒன்றுதான், முதலாளிகள் ஒரே வகையினர்தான். பெரிய வழியில் நெருக்கடி கூடும்போது சின்ன வழிகளைத் தேடி அவர்கள் வருவார்கள். நம் தீடைகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய கடல், அவர்கள் கண்ணுக்கு அப்படியொரு சின்ன வழி.

சர்வதேசச் சட்டம் என்ன செய்கிறது? 1961, 1971, 1988 ஆகிய ஆண்டுகளின் மூன்று ஐக்கிய நாடுகள் உடன்படிக்கைகள்தான் உலகப் போதைப்பொருள் கட்டுப்பாட்டின் அடித்தளம். முதலாவது அபின், கஞ்சா, கொக்கேயின் போன்றவற்றையும், இரண்டாவது மனநிலையை மாற்றும் மாத்திரைகளையும், மூன்றாவது கடத்தலையும் கறுப்புப் பணத்தையும் பற்றியவை. தெற்காசிய நாடுகளுக்கென்று 1990இல் மாலேயில் கையெழுத்தான சார்க் உடன்படிக்கையும் உண்டு. இவற்றால் பயன் இருக்கிறது. ஒரு நாட்டின் தகவலில் இன்னொரு நாடு படகை மறிக்க முடிவது இவற்றின் துணையால்தான். ஆனால் நம் கடலில் இவற்றின் கை எட்டாத இடங்கள் உண்டு. 1988ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை, திறந்த கடலில் கொடியோடு ஓடும் கப்பலை அதன் நாட்டின் சம்மதத்தோடு மறித்துச் சோதிக்க வழிசெய்கிறது. இராமேஸ்வரத்துக்கும் நமக்கும் இடையில் திறந்த கடலே இல்லை. கோட்டுக்கு அப்பால் இந்தியா, இப்பால் இலங்கை. கடற்படை கோட்டில் நிற்கவேண்டும். கடத்தல்காரன் நிற்பதில்லை. ஒருவன் கோட்டருகே பொதியை மிதவையோடு இறக்கிவிட்டுத் திரும்புகிறான். மற்றவன் இடத்தின் குறிப்பை வாங்கிக்கொண்டு போய் எடுத்துவருகிறான். இரண்டு படகும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை.

மாத்திரைகளிலும் இப்படியொரு ஓட்டை இருக்கிறது. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் வைத்தியர் எழுதிக்கொடுக்கும் பிரகாபலின் இன்று நம் கரைகளில் போதைக்காக விற்கப்படுகிறது. 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையின் அட்டவணைகளில் அந்த மருந்து இல்லை. உலகளவில் கட்டுப்பாடில்லாத மருந்தை ஒரு கரையில் மலிவாக வாங்கி மறுகரையில் பலமடங்கு விலைக்கு விற்கலாம் என்பது வியாபாரிக்குத் தெரிந்துவிட்டது. பாடசாலைப் பையனின் கைச்செலவுக் காசுக்கு எட்டுகிற போதை அதுதான்.

இனி, யார் பிடிபடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். இலங்கையில் நஞ்சுகள், அபின், ஆபத்தான மருந்துகள் கட்டளைச்சட்டம் 1929இலிருந்து இருக்கிறது. 1984இல் அதைத் திருத்தி, 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் கடத்தினால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றார்கள். 2022இன் 41ஆம் இலக்கச் சட்டம் 5 கிராம் ஐஸுக்கும் அதே தண்டனையைக் கொண்டுவந்தது. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை என்பதால் அந்தத் தீர்ப்பு நடைமுறையில் ஆயுள் முழுதும் சிறையாகிறது. வழக்கு முடியும்வரையும் நிம்மதி இல்லை. பிணை எளிதில் கிடைப்பதில்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைக்குக் காத்திருந்தே மாதங்கள் கழிகின்றன. படகு பறிமுதலாகிறது, எஞ்சின் போகிறது. வீட்டில் இருப்பவர்கள் வழக்குச் செலவுக்குக் காணியை ஈடுவைக்கிறார்கள். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து காசு போட்டவனின் பெயர் பல வழக்குகளில் குற்றப்பத்திரத்தில் வருவதேயில்லை.

2023 டிசம்பர் 17இல் பொலிசாரின் 'யுக்திய' என்ற போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதம்கூட ஆகுமுன் 29,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். வாரண்டில்லாத சோதனைகள், தடுப்பில் சித்திரவதை என்ற முறைப்பாடுகளைக் காட்டி ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் கவலை வெளியிட்டது. அண்மை ஆண்டுகளில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போவோரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் குற்றங்களுக்காகவே போகிறார்கள். சிறைகள் நிரம்பி வழிகின்றன. ஆனாலும் ஐஸ் குறையவில்லை. கூலிக்குப் போனவனையும் பாவித்தவனையும் அள்ளிக்கொண்டு போனால் அந்த இடத்துக்கு அடுத்தநாள் இன்னொருவன் வருவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கடத்தல் வழியில் இருக்கும் ஊர் வெறும் வழியாக நெடுநாள் இருப்பதில்லை. கூலியின் ஒரு பங்கைக் காசாகக் கொடுக்காமல் சாமானாகக் கொடுப்பது உலகமெங்கும் இந்த வியாபாரத்தின் பழக்கம். கூலிக்குப் போனவன் அந்தச் சாமானைக் காசாக்க ஊரிலேயே ஆள் தேடுகிறான். முதலில் இலவசமாகக் கொடுக்கிறான், பிறகு கடனுக்கு, பிறகு விலைக்கு. மாலைதீவைப் பாருங்கள். நம்மைப்போலவே மீன்பிடித்து வாழும் சின்னத் தீவுகள். 1990களில் அங்கே நுழைந்த ஹெரோயின் ஒரு தலைமுறை இளைஞர்களைப் பிடித்தது. சிறையில் அடைத்துப் பார்த்துக் களைத்த பிறகு 2011இல் புதிய சட்டம் இயற்றி, போதைக்கு அடிமையானவரைச் சிகிச்சைக்கு அனுப்பும் தனி நீதிமன்றத்தை ஏற்படுத்தினார்கள். அவர்கள் இருபது ஆண்டுகள் கழித்துக் கற்ற பாடத்தை நாம் இன்றே கற்கலாம்.

நம் பிள்ளைகளில் சிலர் ஏன் கூலிக்குப் போகிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. இந்திய இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தும் கடலில் அது நிற்கவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. தொழிலுக்குப் போனால் எண்ணெய்க் காசே திரும்பாது என்று படகுகள் கரையேறி நின்ற நாட்கள் அவை. அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து, பசி தாங்காமல் குழந்தைகளோடு படகேறி, தீடைகளில் இறக்கிவிடப்பட்டு, இந்தியக் கரையோரக் காவற்படையால் மீட்கப்பட்ட குடும்பங்களில் நம் மாவட்டத்தவரும் இருந்தார்கள். கடன் தலைக்கு மேல் ஏறிய ஒருவனிடம் ஒரு இரவுக்கு மாதச் சம்பளத்தைக் காட்டினால் அவன் தடுமாறுவான். இந்த நெருக்கடியைப் பேசாமல் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் மட்டும் போதித்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அதேநேரம் நெருக்கடியைச் சாக்காகச் சொல்லவும் முடியாது. கூலியாக வருவது ஒரு இரவின் காசு. திரும்பக் கொடுப்பது ஒரு வாழ்நாள், பலவேளை ஊரிலுள்ள மற்றொருவரின் பிள்ளையினதும் வாழ்நாள்.

ஆகவே உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன்.

ஒவ்வொரு சங்கமும் பொதுக்கூட்டத்தில் வெளிப்படையாகத் தீர்மானம் போடுங்கள். உறுப்பினரின் படகும் எஞ்சினும் இரவில் வேறொருவர் கைக்குப் போனால் அது சங்கத்தின் பதிவில் இருக்கவேண்டும். யாருடைய படகு, யார் ஓட்டுகிறார், எப்போது போய் எப்போது வந்தார் என்ற பதிவை இறங்குதுறையில் சங்கமே வைத்துக்கொள்ளட்டும். நேர்மையாகத் தொழில் செய்பவரைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றுவதும் அந்தப் பதிவுதான்.

சங்கத்தின் சேமிப்பிலிருந்து அவசரக் கடன் கொடுங்கள். வலை அறுந்தவனுக்கும், எஞ்சின் பழுதானவனுக்கும், பருவம் கெட்டு வீட்டில் அரிசி இல்லாதவனுக்கும் ஒரு கிழமைக்குள் கைக்குக் கிடைக்கிற கடன் வேண்டும். தரகன் இரவில் கதவைத் தட்டுவதற்கு முன்னால் சங்கம் அந்த வீட்டுக்குப் போயிருக்கவேண்டும்.

திருவிழாவுக்கும், கந்தூரிக்கும், கோயில் திருப்பணிக்கும், உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கும் வருகிற காசு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். உழைப்பு தெரியாமல் திடீரென்று வளர்ந்த செல்வத்திடம் கைநீட்டும் ஊர், அந்தச் செல்வத்துக்கு மரியாதை கொடுத்துவிடுகிறது. அதைப் பார்த்து வளரும் பையன் எது வெற்றி என்று கற்றுக்கொள்வான்? பங்குத்தந்தையர்களும் மௌலவிமார்களும் கோயில் அறங்காவலர்களும் இந்த ஒரு விடயத்தில் உங்களோடு ஒரே குரலில் நிற்கவேண்டும்.

போதைப் பாவனைக்கு அடிமையான பிள்ளையை அடிக்காதீர்கள், கட்டிவைக்காதீர்கள், அவன் குடும்பத்தை ஒதுக்காதீர்கள். அடிமைத்தனம் ஒரு நோய். பிரகாபலினைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஹெரோயினை விட்டுச் சில காலம் இருந்தவன் மீண்டும் பழைய அளவை எடுத்தால் உயிரே போகலாம். இதெல்லாம் வைத்தியர் பார்க்கவேண்டிய காரியம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். அந்த இலக்கத்தை ஒவ்வொரு வாடியிலும் எழுதி ஒட்டுங்கள். உலகில் போதைக்கு அடிமையானவர்களில் 12 பேரில் ஒருவருக்கே சிகிச்சை கிடைக்கிறது என்று 2025ஆம் ஆண்டின் உலகப் போதைப்பொருள் அறிக்கை சொல்கிறது. மன்னாரில் அந்த நிலை மாறவேண்டும்.

அரசிடம் கேட்கவேண்டியதையும் சேர்ந்து கேளுங்கள். 2007ஆம் ஆண்டிலேயே போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமான சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் பழைய சிகிச்சை நிலையங்கள் தலங்கமவிலும் நிட்டம்புவவிலும் கண்டியிலும் காலியிலும்தான் அமைந்தன. பேசாலையிலிருந்து ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு மொழி தெரியாத ஊருக்குப் போகவேண்டிய நிலை இனியும் இருக்கக்கூடாது. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் இதற்கென்று படுக்கைகளும், தமிழில் பேசும் மனநல வைத்தியரும், ஆலோசகர்களும் நிரந்தரமாக இருப்பதை அரசு உறுதிசெய்யவேண்டும். 2025இல் நிறைவேறிய குற்றச்செயல்களின் வரும்படிகள் சட்டம் பணமுதலாளிகளின் சொத்தைத் தேடிப் பிடிக்க வழி தருகிறது. கூலிக்காரனின் படகைப் பறிப்பதோடு நின்றுவிடாமல் முதலாளியின் மாளிகையையும் பறியுங்கள் என்று கேளுங்கள். தகவல் கொடுப்பவரைக் காப்பாற்றுங்கள், சோதனையைச் சட்டப்படி செய்யுங்கள் என்றும் கேளுங்கள். கடற்படையும் பொலிசும் மக்களின் நம்பிக்கையைப் பெற்றால்தான் மக்கள் வாய் திறப்பார்கள்.

இராமேஸ்வரத்து மீனவர்களோடும் பேசுங்கள். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். இழுவைமடிப் பிரச்சினை அங்கே தீரவில்லை, அது வருத்தம்தான். ஆனாலும் அடுத்த பேச்சில் போதைக் கடத்தலையும் நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்லுங்கள். அக்கரையிலும் கூலிக்குப் போய்ச் சிறையில் கிடப்பவர்கள் ஏழை மீனவரின் பிள்ளைகள்தான். இந்த ஒரு காரியத்தில் உங்களுக்கும் அவர்களுக்கும் சண்டையில்லை.

இதெல்லாம் சங்கங்களால் முடியுமா என்று சிலர் கேட்பார்கள். 2025 ஓகஸ்டில் காற்றாலைக் கோபுரங்களுக்கும் கனியமணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் எழுந்தபோது கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் கடற்றொழிலாளர் அமைப்புகளும் தோளோடு தோள் நின்றதை நாடே பார்த்தது. அந்த ஒற்றுமைக்கு முன்னால் ஜனாதிபதியே காற்றாலைத் திட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டி வந்தது. போரும் 1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும் இடப்பெயர்வுகளும் உடைத்துப்போட்ட மாவட்டம் இது. இங்கே வாழும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக நிற்கக் கிடைத்திருக்கும் காரியங்களில் பிள்ளைகளைக் காப்பதைவிட முக்கியமானது வேறில்லை. கோபுரத்துக்கு எதிராகக் காட்டிய உறுதியைப் பொதிக்கு எதிராகவும் காட்டுங்கள்.

உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தின் முதல் விடயமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த உறுப்பினரும் பொதி ஏற்றமாட்டார், எந்தப் பிள்ளையையும் கைவிடமாட்டோம் என்ற இரண்டு வரிகளைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டு, இறங்குதுறையில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டுங்கள்.

என்றும் உங்கள் நலன் விரும்பும்,
மன்னார் ஆசிரியர் ஒருவர்